ரோச்சின் இடது கால்

என் கடைச் சாமானை டூப்ளிகேட் என்று சொன்னவன் தூத்துக்குடியில் ஒரே ஒருத்தன்தான். அவனும் வெளியாள் இல்லை, ரோச். கடை திறந்த காலத்திலிருந்து என்னிடம் மட்டுமே ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கிய மெக்கானிக். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னானா என்றால் அதுவும் கிடையாது. கடையில் நாலு டிரைவர்கள் நிற்கும்போது, முந்தின நாள் வாங்கிப்போன கிளட்ச் சிலிண்டரைக் கண்ணாடி மேசைமேல் டங்கென்று வைத்தான்.

"நீங்களுமா அண்ணாச்சி டூப்ளிகேட்டு விக்க ஆரம்பிச்சிட்டிய?"

எனக்குக் கோபம் வருவதற்கு நேரம் காலம் கிடையாது. அடுப்பில் பால் பொங்குவதற்கு முன்னால் நான் பொங்கிவிடுவேன் என்று என் வீட்டுக்காரியே சொல்வாள். ஆனாலும் அன்றைக்கு என் வாய் திறக்கவில்லை. சொன்னவன் ரோச். கிளட்ச் விஷயத்தில் அவன் ஒன்று சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை என்று அந்த நாலு டிரைவர்களுக்கும் தெரியும். அவன் சொல் பொய்யாக வேண்டுமானால் முதலில் அவன் இடது கால் பொய்யாக வேண்டும்.

அந்தக் காலைப் பற்றிச் சொல்லாமல் ரோச்சைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவன் பிறந்தது கீழவைப்பார். அப்பா, சித்தப்பா, அண்ணன் தம்பி எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். இவனுக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினாலே குமட்டிக்கொண்டு வரும். கடற்கரையில் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊர் சும்மா விடுமா? அந்தக் கேலி பொறுக்காமல்தான் தூத்துக்குடிக்கு வந்து லாரி ஒர்க்ஷாப்பில் சேர்ந்தான். பிறகு திரேஸ்புரம் போகிற ரோட்டில் தகரக் கூரை போட்டுச் சொந்தமாக ஒன்று ஆரம்பித்தான். உப்பு லாரி, மீன் வண்டி, துறைமுகத்துக்குள் ஓடுகிற வண்டி எல்லாம் அவனிடம் வரும். எல்லா வேலையும் பார்ப்பான், ஆனால் பெயர் வாங்கியது கிளட்சில்.

கிளட்ச் கெட்ட வண்டி வந்தால் மற்ற மெக்கானிக்குகள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே படுப்பார்கள். ரோச் முதலில் செருப்பைக் கழற்றுவான். கோயில் வாசலில் விடுவதுபோல இரண்டையும் ஜோடி சேர்த்து வண்டிக்கு வெளியே விட்டுவிட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வெறும் இடது பாதத்தைப் பெடல்மேல் வைப்பான். எங்கள் பக்கத்து மீன் வண்டி டிரைவர்கள் எல்லாருமே வெறுங்காலோடு ஓட்டுகிறவர்கள்தான். மீன் தண்ணீர் பட்ட செருப்பு பெடலில் வழுக்கும். ஆனால் அவர்கள் மிதிப்பதோடு சரி. இவன் காலால் பார்ப்பான்.

ஹைட்ராலிக் கிளட்சில் கால் அழுத்துகிற பலம் எண்ணெய் வழியாகத்தான் கியர்பாக்சுக்குப் போகிறது. பெடலுக்கு மேலே ஒரு சிலிண்டர், அது மாஸ்டர். கியர்பாக்ஸ் ஓரத்தில் ஒரு சிலிண்டர், அது ஸ்லேவ். நடுவில் குழாயும் பிரேக் ஆயிலும். இதில் எது கெட்டாலும் டிரைவர் வந்து சொல்வது "கியர் விழ மாட்டேங்கு" என்ற ஒரே பாட்டுதான். எந்த இடத்தில் கெட்டது என்று கண்டுபிடிப்பதில்தான் மெக்கானிக்கின் மானம் இருக்கிறது. பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டருக்குள் ரப்பர் தேய்ந்துவிட்டது. பஞ்சு மாதிரி அமுங்கி, நாலு தடவை அடித்து மிதித்ததும் கெட்டியானால் குழாயில் காற்று ஏறியிருக்கிறது. கல் மாதிரி இருந்தும் கியர் கரகரத்தால் எண்ணெய்மேல் பழியில்லை, கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். இவ்வளவும் கடையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். ரோச் இதற்கும் மேலே போவான். கண்ணைத் திறக்காமலே "கீழ் ஓஸு ஊதுது அண்ணாச்சி" என்பான். குனிந்து பார்த்தால், மிதிக்கும்போதெல்லாம் அந்த ரப்பர் ஓஸ் எலி விழுங்கின பாம்பு மாதிரி உப்பிக்கொண்டிருக்கும்.

உப்புக் காற்று அடிக்கிற ஊர் இது. சிலிண்டருக்குள் துரு பிடிப்பதும் ரப்பர் வெடிப்பதும் மற்ற ஊர்களைவிட இங்கே வேகம். அதனால் ரோச்சின் காலுக்கு ஓய்வு இருந்ததில்லை. அந்தக் கால்தான் அவன் வீட்டில் சோறு. அவன் மனைவி விஜிலா அதை வாய்விட்டே சொல்வாள்.

"இந்த மனுசனுக்கு மூளை கால்லதான் இருக்கு அண்ணாச்சி. தலையில ஒண்ணும் கெடையாது."

ரோச்சுக்குச் சர்க்கரை இருந்தது எனக்குத் தெரியும். இந்த ஊரில் யாருக்குத்தான் இல்லை? மாத்திரையை நினைவு வந்தால் போடுவான், வராவிட்டால் டீயில் சீனியைக் குறைத்துக் கணக்கை நேர்செய்வான். உடம்பு என்ன ஒர்க்ஷாப்பா, இன்றைக்கு விட்டதை நாளைக்குப் பார்த்துக்கொள்ள? நான் திட்டினால் சிரிப்பான்.

போன மழைக்காலம் முடிந்ததும் அவன் கடைக்கு வருவது கூடியது. முதலில் ஓர் உப்பு லாரிக்கு ஸ்லேவ் சிலிண்டர் வாங்கிப்போனான். மறுபடி வந்து, "பெடல் இன்னும் பஞ்சாத்தான் இருக்கு" என்று மாஸ்டர் வாங்கினான். பிறகு ஓஸ். பிறகு என் பிரேக் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று வேறு டின் கேட்டான். காற்றை எடுத்து எடுத்து ஆயில்தான் தீர்ந்ததே தவிர அவனுக்குத் திருப்தி வரவில்லை. லாரிக்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் இன்னொரு வண்டி. அதிலும் பஞ்சு.

அந்த நாட்களில் ஒரு தரம் அவன் கடைக்கு வந்தபோது வலது காலில் மட்டும் செருப்பு இருந்தது.

"ஏலே ரோச்சு, இன்னொண்ண யாருக்குல தானம் பண்ணுன?" என்றேன்.

குனிந்து பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. ஒர்க்ஷாப்பிலிருந்து என் கடைவரை வெயிலில் கொதிக்கிற தார் ரோட்டில் இடது கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறான். எங்கே கழன்று விழுந்தது என்று தெரியவில்லை. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். திரும்பிப் போகும்போது ரோட்டைப் பார்த்துத் தேடிக்கொண்டே போனான்.

அதற்குப் பிறகுதான் அந்த டூப்ளிகேட் பேச்சு. ஒருநாளோடு நின்றிருந்தால் நான் விழுங்கியிருப்பேன். டீக்கடையில் சொன்னான், லாரி ஸ்டாண்டில் சொன்னான். ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் வயலை விட்டுவிட்டு வந்து, இந்த ஊரில் நல்ல சாமான் என்ற ஒரே பேரை வைத்துக் கடை நடத்துகிறவன் நான். "லிங்கராஜ் கடையில வாங்காதிய, ரோச்சே சொல்லிட்டாரு" என்று ஒரு டிரைவர் இன்னொருவனிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அவ்வளவுதான், கல்லாவைப் பூட்டினேன், அந்தச் சிலிண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அவன் ஒர்க்ஷாப்புக்குப் போனேன்.

அங்கே டிக்சனின் வண்டி நின்றது. டிக்சன் வேம்பாரிலிருந்து தினமும் மீன் ஏற்றி வருகிறவன், ரோச்சை அண்ணன் என்று கூப்பிடுகிற பையன். வண்டிக்குள் மீன் நாற்றம் குடலைப் பிடுங்கியது. அன்றைக்கு வழக்கத்தைவிட மோசம். கழுவாமல் வைத்திருக்கிறானே என்று அவன்மேல் வேறு எரிச்சல் வந்தது. என்னைப் பார்த்ததும் அவன் ஓரமாக வந்து காதில் சொன்னான்.

"வண்டி நல்லாத்தான் ஓடுது அண்ணாச்சி. அண்ணன்தான் விட மாட்டேங்காரு. ரெண்டு நாளா பெடல் சரியில்ல, பெடல் சரியில்லன்னு கழட்டிக்கிட்டே இருக்காரு."

ரோச் சீட்டில் உட்கார்ந்திருந்தான். செருப்புகள் வெளியே ஜோடியாகக் கிடந்தன. கண் மூடியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு தவிப்பு. அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றேன் சத்தமாக. "ஏலே, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம். நான் கீழ படுக்கேன். நீ மிதி."

அட்டையை விரித்துக் கீழே படுத்தேன். மிதித்தால் வெளியே தள்ள வேண்டிய ஸ்லேவ் சிலிண்டரின் ராடு என் கண்ணுக்கு நேரே இருந்தது. அவன் மிதித்தான். ராடு சுத்தமாக, முழு நீளத்துக்கு வெளியே வந்தது. பிடித்திருக்கச் சொன்னேன். நூலிழைகூடப் பின்வாங்கவில்லை. விடச் சொன்னேன், மிதிக்கச் சொன்னேன், திரும்பத் திரும்ப அதேதான். எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. அவனை இறங்கச் சொல்லிவிட்டு டிக்சனை ஏற்றி, என்ஜினை ஓட விட்டு ரிவர்ஸ் போடச் சொன்னேன். கிளட்ச் அரைகுறையாக விட்டால் ரிவர்ஸ் கியர் ஊரைக் கூட்டிவிடும். இது வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது.

அப்புறம் நானே என் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து மிதித்தேன். பெடல் கல் மாதிரி இருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"வா, வந்து பாரு. பெடல்ல பஞ்சு இல்லலே. உன் கால்லதான் பஞ்சு இருக்கு!"

சொல்லிவிட்டுக் காலை எடுத்தேன். பெடல் ரப்பரில் என் பாதம் ஒட்டிக்கொண்டு வந்தது. பிரேக் ஆயில் என்று நினைத்துக் கையால் துடைத்தேன். ஆயிலும் இல்லை, மீன் தண்ணீரும் இல்லை. விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். இவ்வளவு நேரம் மீன் வண்டி நாறுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த நாற்றம் அதுதான்.

"ரோச்சு, அந்தக் காலத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்குல!"

தூணைப் பிடித்துக்கொண்டு இடது காலைப் பின்பக்கமாக மடக்கிக் காட்டினான். பெடலை மிதிக்கிற உள்ளங்கால் மேட்டில் ஒரு குழி. சுற்றிலும் கறுத்துப்போய், நடுவில் சீழும் ரத்தமும். அந்தக் குழிக்குள் ஏதோ இரும்பு மின்னியது. சிலிண்டருக்குள் பிஸ்டன் வெளியே வராமல் இருக்கப் போட்டிருக்கும் சர்க்கிளிப் வளையத்தின் உடைந்த துண்டு. எந்தக் கோளாறும் இல்லாத ஏதோ ஒரு சிலிண்டரைக் கோளாறு என்று நம்பிக் கழற்றியபோது தெறித்த துண்டாக இருக்கும். எத்தனை நாளாக உள்ளே இருந்ததோ. அந்தக் காலோடுதான் நடந்திருக்கிறான், மாதா கோயிலுக்குப் போயிருக்கிறான், தூங்கியிருக்கிறான்.

ரோச் தலையைத் திருப்பிப் பார்த்தான். அடுத்தவன் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"இது எப்ப அண்ணாச்சி?" என்று என்னைக் கேட்டான்.

தன் சட்டைப் பையிலிருந்த பிளையரை எடுத்து அவனே அந்தத் துண்டைப் பிடித்து இழுத்தான். டிக்சன் முகத்தை மூடிக்கொண்டான். ரோச்சின் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

"வலிக்கலயாண்ணே?"

"இல்லயே" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கு அது புரிந்தது என்று நினைக்கிறேன். இரும்புத் துண்டைக் கீழே போட்டுவிட்டு மறுபடியும் வண்டியில் ஏறினான். நான் தடுத்தேன், கேட்கவில்லை. அந்தப் புண்காலைப் பெடல்மேல் வைத்து அழுத்தினான். விட்டு அழுத்தினான். கடைசியில் வலது காலை இந்தப் பக்கம் கொண்டுவந்து அதால் ஒரு தரம் அழுத்திப் பார்த்தான். பிறகு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"கெட்டியாத்தான் அண்ணாச்சி இருக்கு."

ஆஸ்பத்திரியில் முதலில் உள்ளங்காலைச் சுரண்டினார்கள். பிறகு விரல்கள் கறுத்தன. சர்க்கரை எப்போதோ அந்தக் காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது என்றும், பஞ்சில் மிதிப்பதுபோல இருந்ததே அதற்கு அடையாளம் என்றும் டாக்டர் விஜிலாவிடம் சொல்லியிருக்கிறார். கோளாறைத் தேடி ஸ்லேவிலிருந்து குழாய்க்கும், குழாயிலிருந்து மாஸ்டருக்கும், மாஸ்டரிலிருந்து பெடலுக்கும் அவன் ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டேதான் இருந்தான். பெடலோடு நின்றுவிட்டான். அதற்கும் மேலே ஒரு கால் இருப்பதை எந்த மெக்கானிக் சந்தேகப்படுவான்? கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு ஒவ்வொருவனையும் அறைய வேண்டும் போலிருந்தது. எது தலைப்பாகை? போனதுதானே அவன் தலை.

நான் போன அன்றைக்குக் கட்டிலைச் சுற்றி டிரைவர்கள் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் ரோச் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அண்ணாச்சி கடைச் சாமான் நல்ல சாமான்தாம்ல. நான் சொன்னது தப்பு. எல்லார்ட்டயும் சொல்லுங்க."

இந்தச் சொல்லுக்காகத்தான் கல்லாவைப் பூட்டிவிட்டு ஓடினேன். கிடைத்துவிட்டது. அந்தப் பாழாய்ப்போன சாமான்கள் டூப்ளிகேட்டாகவே இருந்திருக்கக்கூடாதா? என் கடை போயிருந்தால் போயிருக்கட்டும், ஊருக்குத் திரும்பிப் போய் நாற்று நட்டுப் பிழைத்திருப்பேன். வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். இந்த வயதில் அப்படி அழுவேன் என்று நினைக்கவில்லை.

ஒர்க்ஷாப் அப்படியே கிடந்தது. விஜிலா மீன் கம்பெனிக்கு இறால் உரிக்கப் போக ஆரம்பித்தாள். போகும்போது ரோச்சைக் கொண்டுவந்து ஒர்க்ஷாப் வாசலில் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போவாள். வீட்டில் தனியாக இருந்தால் பேசவே மாட்டேன் என்கிறானாம். தூரத்தில் வருகிற வண்டிகளின் கியர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். டிரைவர்கள் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வேறு ஒர்க்ஷாப்புக்குப் போனார்கள். நான் மத்தியானம் சோற்றுக்குப் போகும்போது அவனோடு கொஞ்ச நேரம் உட்காருவேன். ஒருநாள் அவனே வாயைத் திறந்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா சிரிக்கக்கூடாது. இல்லாத காலு அரிக்கி. சுண்டு விரல் தெரியுது, குதிகால் தெரியுது. இருந்தப்ப செத்துக் கெடந்துச்சு. இப்ப எல்லாம் தெரியுது."

எனக்கு எங்கே சிரிப்பு வரும். வெட்டிய கால் அப்படித்தான் சில பேருக்கு இருக்கும் என்று டாக்டர் சொன்னதாக விஜிலா முன்பே சொல்லியிருந்தாள்.

போன வாரம் நான் அங்கே இருக்கும்போது டிக்சனின் வண்டி வந்தது. இந்தத் தடவை நிஜமான கோளாறு. முதல் கியர் விழும்போது கரகரவென்ற சத்தம் ரோடு முழுக்கக் கேட்டது. வேறு எங்கேயாவது போயிருக்கலாம். அண்ணனுக்கு ஒரு வார்த்தை கேட்டால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து வந்திருக்கிறான், பாவம். நல்ல மனசு. ரோச் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். முகத்தில் களை வந்தது.

"என்னைச் சீட்டுல ஏத்துங்க."

டிக்சன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. வலது காலால் மிதித்துப் பார்ப்பான், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். ஏறுவதற்கு முன்னால் வலது காலில் இருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றி வெளியே விட்டான்.

"டிக்சன், கீழ படுத்து ராடப் பாரு. எவ்வளவு வருதுன்னு சொல்லு."

டிக்சன் வண்டிக்கு அடியில் போனான். ரோச் நேராக உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். பழைய ரோச்சின் முகம். இடது தொடை லேசாக முன்னால் நகர்ந்தது. மடித்து ஊசி குத்தியிருந்த பேண்ட்டின் முனை பெடலுக்கு மேலே காற்றில் நின்றது. வலது கால் தரையைவிட்டு எழவே இல்லை.

"மிதிங்கண்ணே" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.

"மிதிச்சிட்டேம்ல."

"ராடு அசையலயே. நல்லா மிதிங்க."

"மிதிச்சிட்டுத்தாம்ல இருக்கேன்" என்றான் ரோச். நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது. "பெடல் நல்லா தெரியுது. நீ சரியாப் பாரு."

எனக்குப் பொறுக்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாகக் குனிந்து, சத்தமில்லாமல், என் கையால் பெடலைக் கீழே அழுத்தினேன்.

"ஆங், இப்ப வருதுண்ணே!" என்று டிக்சன் கத்தினான்.

ரோச் சிரித்தான். காலை வெட்டி எடுத்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அதுதான். சிரித்தபடியே, கோளாறு எந்த இடத்தில் என்று எனக்குச் சொல்வதற்காகக் கண்ணைத் திறந்தான். பெடல்மேல் இருந்த என் கையைப் பார்த்தான்.